முனை மழுங்கிய படை

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு படை இருந்தது.

மூங்கில் அடர்ந்த ஒரு மலையடிவாரத்தில் அவை வளை தோண்டி வாழ்ந்தன. வளைகளுக்கும் கிழங்குக் காட்டுக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. அந்த ஓடைக்கரையில்தான் சிறுத்தை பதுங்கும். சாயங்காலம் தாய்களும் குட்டிகளும் கிழங்கு தோண்டப் போகும்போது, படை அங்கே காவல் நிற்கும்.

படைக்குத் தளபதி வெண்முடி. வயதானவர். வளையை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார். அவருக்குக் கீழே ஹவில்தார் சடையன். வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் தின்றார்களா தூங்கினார்களா என்று பார்ப்பது, தினமும் தளபதியிடம் போய்ப் படையின் நிலைமையைச் சொல்வது எல்லாம் அவன் வேலை.

சடையன் கெட்டவன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீரர்கள் மழையில் நனைந்தால் தானும் நனைவான். எல்லோரும் தின்ற பிறகுதான் தின்பான். "சடையன் அண்ணன் இருக்கிற வரைக்கும் நமக்கு என்னடா பயம்!" என்று வீரர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் பக்கத்து மலையிலிருந்து ஒரு மயில் விருந்துக்கு வந்தது. தளபதி பெருமையோடு தன் படையைக் காட்டினார். மயில் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"படை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு முள் நெட்டை, ஒரு முள் குட்டை. ஆடு மேய்ஞ்ச வேலி மாதிரி இருக்கே!" என்று சிரித்தது.

தளபதிக்கு முகம் செத்துவிட்டது. மயில் போனதும் சடையனைக் கூப்பிட்டார்.

"சடையா! பௌர்ணமிக்கு மயில் மறுபடியும் வருது. அதுக்குள்ள எல்லா வீரனுக்கும் முள் ஒரே உயரமா இருக்கணும். நீட்டிக்கிட்டு நிக்கிற நுனியை எல்லாம் கடிச்சு எடுத்துடு!"

நுனி போனால் முள் வெறும் குச்சி. அது சடையனுக்குத் தெரியாதா?

"ஐயா, அது வந்து..."

"என்ன வந்து?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"உன்னைச் சுபேதார் ஆக்கலாம்னு இருக்கேன் சடையா. மயில் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்து!"

"அப்படியே செஞ்சுடலாம் ஐயா!"

ஹவில்தார் வேலை லேசான வேலை இல்லை. மேலே இருப்பவரின் உத்தரவைக் கீழே கொண்டுபோக வேண்டும். கீழே இருப்பவரின் ஆபத்தை மேலே கொண்டுபோக வேண்டும். முதல் பாதியைக் கிளிப்பிள்ளைகூடச் செய்துவிடும். இரண்டாவது பாதிக்குத்தான் நெஞ்சு வேண்டும். சடையனுக்கு அந்த நேரத்தில் அது இல்லாமல் போயிற்று.

மறுநாள் வீரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவன் முதுகில் இருந்த முள்ளை மற்றவன் கடித்தான். சடையன் ஒரு மூங்கில் சிம்பை வைத்து உயரம் பார்த்துக்கொண்டே நடந்தான்.

படையில் கருக்கன் என்று ஒருவன். பின்னோக்கிப் பாய்ந்து குத்துவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் மனைவி தும்பை அப்போது நிறைமாதம். கருக்கன் கடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தான்.

"அண்ணே, நுனி போனா முள்ளு குத்துமா? சிறுத்தை வந்தா என்ன பண்றது?"

"மேலிடத்து உத்தரவு. நீ கடி!"

"நீங்க ஒரு வார்த்தை ஐயாகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு!"

"சொன்னேன்டா. அவர் கேக்கல. நான் என்ன பண்ண?"

பொய். ஆனால் கருக்கன் நம்பினான். அண்ணனே சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் இனி பேசி என்ன பயன்? பேசாமல் உட்கார்ந்து அடுத்தவன் முள்ளைக் கடித்தான்.

சடையன் தன் மனத்துக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். 'பௌர்ணமி கழிந்தால் முள் மறுபடி முளைத்துவிடும். அதுவரை சிறுத்தை வராமலா போகும்... வராது, வராது!'

அணிவகுப்பில் ஹவில்தார் வரிசைக்கு வெளியே நிற்பவன். ஆகவே அவன் முள்ளை யாரும் அளக்கவில்லை. அவனும் கடிக்கச் சொல்லி யாரிடமும் முதுகைக் காட்டவில்லை.

தினமும் தளபதி கேட்பார், "படை எப்படி இருக்கு சடையா?"

"குறை ஒண்ணுமில்லீங்க ஐயா! படை தயார்!"

பௌர்ணமியன்று மயில் வந்தது. வீரர்கள் நடந்தார்கள். அத்தனை முதுகும் சீவிவிட்ட புல்தரை மாதிரி இருந்தது. மயில் தோகையை விரித்து, "அடடா! இதல்லவா படை!" என்றது. தளபதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலமும் தாய்களும் குட்டிகளும் கிழங்கு தோண்டப் போனார்கள். அன்று சாயங்காலமே சிறுத்தை வந்தது.

"வளையம்!" என்று கத்தினான் சடையன்.

வீரர்கள் சட்டென்று தலையை உள்ளே வைத்து, முதுகை வெளியே காட்டி வட்டமாக நின்றார்கள். முட்களைச் சிலிர்த்துச் சலசலத்தார்கள். இந்தச் சத்தத்தைக் கேட்டால் சிறுத்தை தள்ளியே நிற்கும். அன்றும் தள்ளித்தான் நின்றது. கருக்கன் பின்னோக்கிப் பாய்ந்தான். முட்கள் சிறுத்தையின் காலில் மோதின, வளைந்தன, சரிந்தன. ஒன்றுகூட ஏறவில்லை.

சிறுத்தைக்கே நம்ப முடியவில்லை. பாதத்தை நக்கிப் பார்த்தது. ரத்தம் இல்லை.

"என்ன இது! விளக்குமாறால தடவின மாதிரி இருக்கு!" என்றது.

பிறகு அது பயப்படவில்லை.

சடையன் ஓடிப்போய் மோதினான். அவன் முள் சிறுத்தையின் தோளில் ஆழமாக இறங்கியது. சிறுத்தை அலறிக்கொண்டு விலகியது. "ஓஹோ! இவன்கிட்ட மட்டும்தான் முனை இருக்கா!" என்று சொல்லி, அவனைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களிடம் போனது.

வீரர்கள் ஓடவில்லை. குட்டிகள் ஓடையைத் தாண்டி வளைக்குள் போகும் வரைக்கும் மொட்டை முதுகோடு வழியை மறித்து நின்றார்கள். கடைசிக் குட்டி உள்ளே போனபோது பாதிப் படை கரையில் கிடந்தது. கருக்கனும் அங்கேதான் கிடந்தான்.

விடிந்ததும் தளபதி வெளியே வந்தார். கிடந்தவர்களைப் பார்த்தார். சடையனைப் பார்த்தார்.

"சடையா! உன் மேல ஒரு கீறல்கூட இல்லையே! வீரன்டா நீ! இன்னையிலிருந்து நீ சுபேதார்!"

கருக்கன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தும்பை மெல்ல எழுந்தாள்.

"ஐயா, முள்ளை வெட்டாதீங்கன்னு சடையன் அண்ணன் உங்ககிட்ட வந்து சொன்னாராமே! எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நீங்க ஏன் கேக்கல?"

தளபதி விழித்தார்.

"என்கிட்டயா? எப்போ? தினமும் குறை ஒண்ணுமில்லன்னுதானே சொன்னான்! ஆபத்துன்னு சொல்லியிருந்தா அந்த மயிலையே வரவேண்டாம்னு சொல்லியிருப்பேனே!"

உண்மையில் சொல்லியிருப்பாரா? யாருக்குத் தெரியும்! அவருக்கும் புகழ்ச்சி என்றால் வெல்லம்தான். ஆனால் கேட்டுப் பார்க்க யாரும் அவரிடம் போகவே இல்லையே.

மிச்சமிருந்த வீரர்கள் எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். ஒருவனும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் வளைகளைப் பார்த்து நடந்தார்கள்.

"நில்லுங்க! வரிசையில நில்லுங்க!" என்று சடையன் கத்தினான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தன்னை நம்பி நிற்பவர்களின் உயிருக்காக மேலிடத்தில் ஒரு வார்த்தை பேசத் துணியாதவன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவர்களுக்கு உத்தரவு போடும் தகுதியை இழந்துவிடுகிறான்.