மடத்துக் காரின் வயர்

கும்பகோணத்துக்குப் பத்து மைலில் ஒரு சின்ன மடம். அங்கே ஒரு பழைய கார் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் தையல்நாயகி என்ற அம்மாளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அதன் முக்கிய வேலை. ஓட்டுபவர் மாசிலாமணி. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தவர். சாமி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் சொன்னால் மாசிலாமணிக்கு மறுபேச்சில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கார் கிளம்பவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் வயரெல்லாம் எலி கடித்துக் குதறிக் கிடக்கிறது. வருஷத்தில் இது நாலாவது தடவை. மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா? தையல்நாயகியை ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, கிரீஸ் கையோடு சாமி முன்னால் போய் நின்றார்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மாசிலாமணி கொட்டித் தீர்த்தார். புகையிலை கட்டித் தொங்கவிட்டாராம். அந்துருண்டை போட்டாராம். வயரைச் சுற்றி டேப் ஒட்டி, அடியில் கம்பி வலை அடித்து, மருந்தும் தெளித்தாராம். முதல் தடவை கடித்த அன்றே நேர்ந்துகொண்டு, வெள்ளி தவறாமல் காருக்குச் சூடம் காட்டி, பானெட்டின் மேல் பொரிகடலையை அள்ளித் தூவிப் பூஜையும் போடுகிறார். போதாக்குறைக்கு, தின்பண்டம் இருந்தால் எலி வரும் என்று மெக்கானிக் சொன்ன நாள் முதல் வண்டிக்குள் யாரும் எதையும் வாயில் போடக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்.

"அதை மீறுகிற ஒரே ஆள் அந்தத் தையல்நாயகி அம்மாதான் சாமி. திரும்பி வரும்போது பிஸ்கட் தின்கிறார். போன வாரம் சீட்டில் துகளை என் கண்ணாலேயே பார்த்தேன்."

"என்ன சொன்னீர்கள்?"

"விடுவேனா? அவர் புருஷனை வைத்துக்கொண்டே கேட்டேன். ஓசியில் ஏறி வருகிறோமே, கொஞ்சமாவது நன்றி வேண்டாமா என்று."

கீரை ஆய்ந்த கை நின்றது.

மாசிலாமணிக்கு இன்னும் அடங்கவில்லை. இனி அந்த அம்மாளை ஏற்றுவதாக இல்லை, வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும், செவ்வாய்க்கிழமைக்குள் சாமியே சொல்லியனுப்ப வேண்டும் என்று அடித்துப் பேசினார். ஊசி குத்திய கையோடு இரண்டு பஸ் மாறி வர அந்த அம்மாளால் ஆகாது. அது அவருக்குத் தெரியாததல்ல. கோபம் கண்ணை மறைத்தது.

சாமி எழுந்தார். "ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

காருக்கு முன்னால் போய் நின்று, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றச் சொன்னார். மழைத்தண்ணீர் வடிய வரிசையாகப் பிளவு விட்ட மூடி அது. வயர் கிழிந்து கிடக்கும்போது இதைக் கழற்றி என்ன ஆகப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மாசிலாமணி கழற்றினார்.

உள்ளே பொரி. மேலே இன்று காலை தூவிய புதுப் பொரி, அடியில் நமுத்து மக்கிய பழசு, நடுவில் உடைத்த கடலை. எங்கு பார்த்தாலும் எலிப்புழுக்கை. தூவியதில் பாதி பிளவு வழியாக வாரா வாரம் உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு மூலையில் எலி கூடே கட்டியிருந்தது.

சாமி ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதில் பிஸ்கட் எது, காட்டுங்கள்."

மாசிலாமணி தேடினார். நிஜமாகவே தேடினார், பாவம். ஒரு துகள் அகப்பட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"எலி போகட்டும் என்றுதான் சாமி தூவினேன். நல்லதை நினைத்துத்தான் செய்தேன்."

"அந்த அம்மா எதற்குத் தின்றார்?"

டயாலிசிஸ் முடிந்து வருகிறபோது அவருக்குத் தலை சுற்றும், கை நடுங்கும். கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார் மாசிலாமணி. அவமானம் பிடுங்கித் தின்றது.

கையிலிருந்த பொரியைக் கீழே கொட்டிவிட்டுக் கேட்டார்.

"அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் சாமி? எனக்கு நா எழாது. நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்."

அன்றைக்கு முதல் தடவையாகச் சாமியின் குரல் உயர்ந்தது.

"திட்டுவதற்கு என்னையா அனுப்பினீர்கள்?"