விரைவில் என்று எழுதிய கதவு

தந்தையின் செவியில் ஒரு சொல் ஓதித் தந்தைக்கே குருவான குழந்தையின் திருவடி முதலில் நிற்க.

விலை கேளாமல் உலகைப் படைத்து, விலை கேளாமல் ஒடுக்கி, மீண்டும் விலை கேளாமலே படைத்து விளையாடும் அத்தந்தையின் திருவடி அதன்பின் நிற்க.

மனிதர் பெயர் இனி வரலாம்.

"அம்மா, ஒரே பொருளை ஒருவன் எத்தனை முறை விற்கலாம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"வாங்குகிறவர் எத்தனை முறை வாங்குவாரோ அத்தனை முறை" என்றார் தையல்நாயகி.

மாசிலாமணிக்கு ஐம்பது கடந்துவிட்டது. கடைத்தெருவில் பம்புசெட் உதிரிபாகம் விற்பவர். தையல்நாயகிக்கு முப்பது நிறையவில்லை. அவர் அக்கோயிலின் ஓதுவார். பூசையில் பதிகம் பாடுவது அவர் பணி. மாலைப் பூசைக்கு முன் மகாமண்டபத்தில் அமர்ந்து, நாடி வருவோர்க்குப் பதிகம் கற்பிப்பதும் அவர் பணியே.

மூத்தவர் மாணாக்கர். இளையவர் ஆசிரியர். இதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

கூச்சமெல்லாம் ஓர் எழுத்தில் இருந்தது.

மாசிலாமணிக்கு ளகரம் வராது. வாளை வாலையாகும். களம் கலமாகும். அவர் பேச்சு முழுவதையும் அவர் ஒலித்தபடியே எழுதினால் கேட்போர் கதையை விட்டுச் சிரிக்கத் தொடங்குவர். ஆகவே ஒரு சொல்லை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுவோம். அவர் கற்கும் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு அச்சொல் வரும்.

"விலையாட்டு."

"ளகரம், ஐயா. நாவை மடித்து மேலண்ணத்தைத் தொடுங்கள். விளையாட்டு."

"விலையாட்டு."

"மறுபடியும்."

இரண்டு ஆண்டாக இப்படித்தான். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மாலைப் பூசையில் திரை விலகும் வேளையில், சந்நிதி முன் நின்று, அந்தப் பதிகத்தை ஒருமுறை பாட வேண்டும். ளகரம் வாய்க்கட்டும், பாடலாம் என்பார் தையல்நாயகி. எப்போது என்று கேட்டால் ஒரே விடை வரும்.

"விரைவில்."

அன்று அவர் பாட வாய் திறக்கவில்லை. கையில் கைபேசியோடு வந்து அமர்ந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஒரே பொருள் என்றீர்களே. என்ன பொருள்?"

"ஒரு விலையாட்டு, அம்மா."

"விளையாட்டு."

"அதுதான். கைபேசியில் ஆடுவது. நீங்களும் சிரித்துவிடாதீர்கள். வீட்டில் சிரித்தாயிற்று. கடையில் கணக்குப் பார்க்கிறவன்கூடச் சிரிக்கிறான். 'முதலாளி, பேரன் எடுக்கிற வயதில் கேமா' என்கிறான்."

"நான் சிரிக்கவில்லை."

"கற்றளி என்று அதற்குப் பெயர். கல்லை வெட்டி, அடுக்கி, கோயில் கட்ட வேண்டும். ஒன்பது ஆண்டாகக் கட்டுகிறேன். கடை ஓய்ந்த நேரமெல்லாம் அதற்கே போயிற்று."

"நல்ல ஆட்டமாக அல்லவா இருக்கிறது."

"ஆட்டம் நல்ல ஆட்டம்தான், அம்மா. விற்கிறவன்தான் இப்படி."

அவர் மூச்சு வாங்கினார். பிறகு நிறுத்தாமல் சொன்னார்.

"முதலில் வாங்கினேன். மதில் மட்டும் கட்ட முடிந்தது. மற்றதெல்லாம் முழுப் பதிப்பில் என்றார்கள். முழுப் பதிப்பு வாங்கினேன். அதன் பிறகு மெருகுப் பதிப்பு என்று ஒன்று வந்தது. அதையும் வாங்கினேன். எதற்கு மெருகேற்றினார்கள் தெரியுமா? புல்லுக்கு. புல் மட்டும் பளபளக்கிறது. முதல் பதிப்பில் தூணில் ஒரு விரிசல் தவறாக விழுந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை பேர் எழுதினோம்! விரிசல் அப்படியே இருக்கிறது, அம்மா. விரிசலுக்கும் மெருகேற்றியிருக்கிறார்கள்."

தையல்நாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ட்ரெய்லரில் தேர் ஓடிற்று. வாங்கிப் பார்த்தால் தேர் இல்லை."

"எங்கே போயிற்று?"

"தனியாக விற்கிறார்கள்."

"இப்போது?"

"இப்போது மகா பதிப்பு. பழைய பதிப்பை இன்று மாலை ஆறு மணிக்கு மூடுகிறார்கள். அதற்குள் புதியதற்குப் பணம் கட்டினால் என் கோயில் அதற்குள் போய்ச் சேரும். கட்டாவிட்டால் இடிந்துவிடும். இடிகிற ஓசைகூடக் கேட்காது."

"பணம் கொடுத்து வாங்கியதுதானே? உங்கள் கோயில்தானே?"

"ஆடுகிற உரிமை மட்டும்தான் என்னுடையதாம். கோயில் அவர்களுடையதாம். பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம்."

"விலை?"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது."

"ஐயாயிரம் என்று சொல்ல என்ன கூச்சம்?"

"எனக்கென்ன கூச்சம்? அவர்களுக்குத்தான்."

மண்டபத்தில் காற்று வீசியது. சந்நிதியில் சிவப்புத் திரை தொங்கியது. அதன் பின்னே ஒற்றைக் குருக்கள் அலங்காரத்தில் இருந்தார். ஆறு மணிக்கு மணி அடிக்கும். திரை விலகும்.

"கண்ணை மூடுங்கள், ஐயா."

மூடினார்.

"உங்கள் கோயிலுக்குள் போங்கள். வாசலில் என்ன தெரிகிறது?"

"ராஜகோபுரம். ஏழு நிலை. ஆட்டத்தோடு வந்தது மூன்று. மீதி நாலும் பொங்கல் தள்ளுபடியில் எடுத்தது."

"உள்ளே போங்கள்."

"கொடிமரம். அது முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசம்."

"இலவசம் என்கிற சொல் உங்கள் வாயில் பிசகுவதே இல்லை."

"அதில் லகரம்தானே, அம்மா. பிழைத்தேன்."

"அடுத்து?"

"நந்தி. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது."

"கழுத்தில் மணி உண்டா?"

"மணி தனி, அம்மா."

"நந்தியின் காது எப்படி இருக்கிறது?"

மாசிலாமணியின் மூடிய இமைகள் சுருங்கின.

"தெரியவில்லை" என்றார்.

"உங்களுக்குப் பின்னால் நம் கோயில் நந்தி இருக்கிறது. திரும்பாமல் சொல்லுங்கள். அதன் காது?"

"இடக்காது மூளி. அதைப் பிடித்து ஏறித்தான் என் அப்பாவிடம் முதல் அறை வாங்கினேன்."

சொன்ன பிறகு அவர் முகம் மேலும் கறுத்தது. கண் மூடியே இருந்தது.

"இன்னும் உள்ளே போங்கள். கருவறையில் யார்?"

"தெரியாது, அம்மா."

"ஒன்பது ஆண்டாகக் கட்டினீர்கள். உள்ளே யார் என்று தெரியாதா?"

"கதவு பூட்டியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே பூட்டித்தான் இருக்கிறது. கதவில் ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறார்கள்."

"என்ன சொல்?"

"விரைவில்."

தையல்நாயகி அவரைப் பார்த்தார்.

மாசிலாமணி கண் திறந்தார். குரல் சூடேறியிருந்தது.

"இந்தப் பதிப்பில் திறக்கிறதாம். ட்ரெய்லர் விட்டார்கள். சங்கு முழங்குகிறது. நாகசுரம் கேட்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் விளக்கு. கதவு மெல்லத் திறக்கிறது, அம்மா! உள்ளேயிருந்து ஒளி வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கே படத்தை நிறுத்திவிட்டார்கள்."

"நிறுத்திவிட்டு?"

"விலையைக் காட்டினார்கள்."

அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். புதிய பதிப்பு முன்பே இறங்கிக் கிடந்தது. பணம் கட்டும் பக்கமும் திறந்தே இருந்தது. ஒரு விரல் அழுத்தம்தான் பாக்கி.

"கட்டட்டுமா, விடட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்."

"பதிகத்தின் முதற்சொல்லைச் சொல்லுங்கள்."

"அம்மா, இங்கே என் கோயில் இடியப் போகிறது."

"சொல்லுங்கள், ஐயா."

"விலையாட்டு."

"ளகரம்."

மாசிலாமணி வெடித்தார்.

"ளகரம், ளகரம்! இரண்டு ஆண்டு, அம்மா! நீங்கள் மட்டும் என்ன? எனக்கும் இங்கே ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது. அதிலும் விரைவில் என்றுதானே எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

மண்டபத்தில் கோலமிட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

தையல்நாயகி கையிலிருந்த தாளத்தைக் கீழே வைத்தார். அவர் எழுந்தார். மூத்தவர் முன் சிறிது தலை தாழ்த்தினார்.

"மெய்தான்" என்றார். "வாருங்கள். இன்று பாடுங்கள்."

"இன்றா?"

"திரை விலகும்போது."

"ளகரம் வரவில்லையே."

"பிள்ளையிடம் பாடம் கேட்ட தகப்பன் உள்ளே இருக்கிறார். மழலை அவருக்குப் பழக்கம். பிழையெல்லாம் என் செவிக்குத்தான். அந்தக் கதவைப் பூட்டியவள் நான்."

மாசிலாமணிக்கு அவருக்கே உரிய குறும்பு வந்தது.

"இதற்குச் சிறப்புக் கட்டணம் ஏதும் உண்டா?"

"குளித்துவிட்டு வந்தீர்களா?"

"வந்தேன்."

"போதும்."

இருவரும் சந்நிதி முன் போய் நின்றனர். மாசிலாமணி மேல்துண்டை இடையில் கட்டிக்கொண்டார். கை கூப்பினார். கூப்பிய கைகளுக்கிடையே கைபேசி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூசைக்கு வந்தவர் பத்துப் பேர் இருப்பர். பூக்காரர் ஒருவர் வேலையை விட்டு வந்து தூணருகில் நின்றார். திரைக்குப் பின்னே குருக்கள் விளக்குத் திரியைத் தூண்டும் நிழல் தெரிந்தது.

தையல்நாயகி சுருதி கொடுத்தார். மிக மெல்லிய குரல். மாசிலாமணிக்கு ஏற்ற சுருதி.

அப்போது கூப்பிய கைகளுக்குள் கைபேசி துடித்தது.

மாசிலாமணி விரித்துப் பார்த்தார்.

'உங்கள் கோயில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. கடைசி நிமிடம்.'

அவர் நிமிர்ந்தார். எதிரே ஒரு திரை.

அவர் குனிந்தார். கையில் ஒரு திரை.

தையல்நாயகி அவரைத் தடுக்கவில்லை. சுருதியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

கட்டைவிரல் அசைந்தது.

மணி அடித்தது.

பத்துப் பேரின் கைகளும் தலைக்கு மேல் உயர்ந்தன. பூக்காரர் "அப்பனே" என்றார். கர்ப்பூரத்தின் ஒளி மாசிலாமணியின் நெற்றியில் விழுந்தது. அவர் நிமிரவில்லை. அவர் கையில் சங்கு முழங்கிக்கொண்டிருந்தது. நாகசுரம் கேட்டது. கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

ஓதுவார் ஒரு மூச்சு அளவு காத்திருந்தார்.

பிறகு தாமே பாடினார்.

பதிகம் முடிந்தது. திருநீறு கைக்குக் கை போயிற்று. மாசிலாமணியின் உள்ளங்கை ஒழியவில்லை. குருக்கள் அவரைக் கடந்து போனார். அம்மன் சந்நிதிக்கும் அவரே போக வேண்டும். திரையை இழுத்துவிட்டுத் தட்டோடு நடந்தார். பத்துப் பேரும் அவர் பின்னே நடந்தனர்.

மாசிலாமணி நிமிர்ந்தபோது சிவப்புத் திரை தொங்கியது.

"எப்போது விலகும், அம்மா?"

"விலகி மூடியாயிற்று."

"பாட்டு?"

"பாடியாயிற்று. உங்கள் சுருதியில்தான் எடுத்தேன்."

அவர் மூடிய திரையைப் பார்த்தார்.

"உங்கள் கதவு திறந்ததா, ஐயா?"

"திறந்தது."

"உள்ளே யார்?"

அவர் கைபேசியை நீட்டினார். தையல்நாயகி வாங்கிப் பார்த்தார்.

கருவறை வாயில் அகலத் திறந்திருந்தது. விளக்குகள் எரிந்தன. விளக்குகளுக்கு அப்பால் இன்னொரு கதவு இருந்தது. முதற்கதவைவிடப் பெரியது. பொன் தகடு வேய்ந்தது. அதில் ஒரு சொல் எழுதியிருந்தது.

விரைவில்.

அதன் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி.

முன்பதிவு இன்று முதல்.

அவர் கைபேசியைத் திருப்பித் தந்தார். மாசிலாமணி அதை வாங்கிக்கொண்டு, மூளிக்காது நந்தியின் அருகில், வெறுந்தரையில் அமர்ந்தார்.

"எல்லாம் விலையாட்டு, அம்மா" என்றார்.

இரண்டு ஆண்டுப் பழக்கம். சொன்னதும் நிறுத்தினார். நாவை மடித்தார். மேலண்ணத்தைத் தொட்டார். திருத்தம் வரும் என்று காத்திருந்தார்.

"வேண்டாம், ஐயா" என்றார் தையல்நாயகி. "இன்று சரியாகச் சொன்னீர்கள்."

இதனைச் செவியுற்றார் எவராயினும், அவர் முன் திரை விலகும் வேளையில் அவர் கண் அங்கே இருப்பதாகுக.