கிட்டங்கிக்குள் யார்?

மலையடிவாரத்தில் ஒரு குரு இருந்தார். பெயர் அலர்மேலம்மாள். அவருக்கு ஒரே ஒரு சீடர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வித்வான் பூதலிங்கம். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயதுக்கு மேல் கூடுதல். அப்படி இருக்கலாமா என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு வித்வான் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் திரட்டி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் உபதேசம் கிடையாது. யார் என்ன புத்தகம் கொடுத்தாலும் கடைசி வரி வரை படிப்பார். மனத்தில் பட்டதைச் சொல்வார். இது போதாதா? சொந்தச் செலவில் கதை அச்சிட்டவர்களெல்லாம் அந்த வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பேய்க்கதை எழுதிய மின்வாரியக்காரர் வந்தார். செவ்வாய் கிரகத்தில் பங்காளிச் சண்டை மூட்டிய ஹார்டுவேர் கடைக்காரர் வந்தார். அம்மாவின் ரசனையைத் திருத்தலாம் என்று வித்வானும் அப்படித்தான் ஒரு நாள் வந்தார். வந்தவர் தங்கிவிட்டார். ரசனை இன்னும் திருந்தவில்லை.

ஒரு நாள் ஜெபக்கனி வந்தாள். கடலோர ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே கொலை எழுதுகிறவள். அவளுடைய முதல் நாவல், ‘உப்பளத்துப் பிணம்’, புத்தகமாகிக் கையில் இருந்தது.

“சார் தமிழ் படிச்சவுக. உள்ளதைச் சொல்லிருங்க. நல்லா இல்லன்னா ரெண்டாவத எழுதாம விட்டுருதேன். பாதி எழுதியாச்சு. ஆனாலும் பரவாயில்ல.”

பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது. விரல்கள் புத்தகத்தை விடவில்லை. வித்வான் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

அவர் படித்தார். நாலு பக்கம் எழுதினார். முதல் மூன்று பக்கமும் குற்றங்கள். ஒரே வாரத்தில் இரண்டு பௌர்ணமி வருகிறது. இன்ஸ்பெக்டர் தனபாலன் ஒரு சிகரெட்டை அணைக்காமலே அடுத்ததைப் பற்றவைக்கிறார். எல்லாமே திடீரென்று நடக்கின்றன. ஓரிடத்தில் ஒருவர் திடீரென்று தூங்கிக்கொண்டிருக்கிறார். நாலாம் பக்கம் மட்டும் பாராட்டு. முடிவு மிகத் துணிச்சலானது என்று எழுதியிருந்தார்.

“அம்மா, உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிடும். சொல்லாவிட்டால் நான் பொய்யன். நேர்மையான அபிப்பிராயம் என்பதுதான் என்ன?”

“புத்தகத்தைக் குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன்.”

காலைக் காப்பி முடிந்ததும் அம்மா தொடங்கினார். வித்வான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். உப்பு வியாபாரியின் மனைவி பொன்னுத்தாயி செத்துக் கிடக்கிறாள். அடக்கமும் ஆகிவிடுகிறது. ஆனாலும் தினம் விடியும்போது உப்புப் பாத்தி வரப்பில் அவளுடைய கால்தடம். தடம் போய் முடிகிற இடம் உப்பு மூட்டை அடுக்கும் கிடங்கு, பூட்டிய ஒரு கிட்டங்கி. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் அந்தப் பூட்டை உடைக்கிறார்.

“போகாதப்பா, தனியாப் போகாத,” என்றார் அம்மா, புத்தகத்தைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கதவைத் தள்ளினார். ‘உள்ளே’ என்ற சொல்லோடு அந்தப் பக்கம் முடிந்தது. அம்மா திருப்பினார்.

‘போதிய காற்றோட்டம் இருந்தால் கோழிக்குஞ்சுகளுக்கு நோய் அண்டாது’ என்று தொடங்கியது அடுத்த பக்கம். அதற்குப் பிறகு அட்டை வரை கோழிதான். தீவனம், தடுப்பூசி, கூண்டின் அகலம்.

அம்மா ஒரு பக்கம் பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

“வித்வான், இது என்ன?”

“அதைத்தான் நாலாம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன், அம்மா. வாசகனின் எதிர்பார்ப்பை உடைக்கும் உத்தி. மரணம் என்னும் மர்மத்துக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே இருப்பது நம் அன்றாட வாழ்க்கை.”

“கோழி.”

“படிமம், அம்மா.”

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். குடையை எடுத்தார்.

“எங்கே?”

“கிட்டங்கிக்குள்ள யாருன்னு கேக்க.”

வித்வான் நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ் கிடைத்தது. கடலோர ஊரில் இறங்கி, ஆஸ்பத்திரியில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஜெபக்கனி கதவைத் திறந்தாள். அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உள்ள யாரு?”

“எங்க அத்தை. உறங்குதாங்க.”

“கிட்டங்கிக்குள்ளம்மா.”

“அதான் கடைசில இருக்கே.”

“கடைசில கோழி இருக்கு.”

ஜெபக்கனி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இறக்கினாள். கயிற்றை அறுத்து ஒவ்வொரு பிரதியாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் கோழி.

“அச்சாபீஸ் மேசைல ஒரு கோழிப் புத்தகம் கெடந்துச்சு. இதே அளவு. கடைசிப் பக்கங்களுக்குப் பதிலா அந்தத் தாள்களை வச்சுத் தச்சிட்டாங்க போல. நான் அட்டையப் பாத்தேன், எம் பேரப் பாத்தேன். உள்ள தெறக்கப் பயமா இருந்துச்சும்மா.” கையிலிருந்த பிரதியை மூடினாள். “ஆஸ்பத்திரில அத்தன பேரும் முடிவு பிரமாதம்னாங்க. எங்க சித்தப்பா கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன்னாரு. கோழிக்கா அழுதாரு?”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப ஒருத்தரும் படிக்கல.”

வித்வானின் கை சட்டைப் பைக்குப் போய், நாலாம் பக்கத்தை இன்னும் ஆழத்தில் அமுக்கியது.

அம்மாவும் தரையில் உட்கார்ந்தார். “நான் படிச்சேன். ஒரே வாரத்துல ரெண்டு பௌர்ணமி வருது, ஒண்ணை எடுத்துரு. உன் இன்ஸ்பெக்டரைச் சிகரெட்டை அணைக்கச் சொல்லு, ஊரு பத்திக்கும். சும்மா சும்மா திடீர்னு போட்டா யாரும் திடுக்கிட மாட்டாங்க. இப்பச் சொல்லு. கதவைத் தள்ளிட்டான். உள்ளே?”

ஜெபக்கனி நிமிர்ந்து அவர் முகத்தில் இரக்கம் இருக்கிறதா என்று தேடினாள். அப்படி ஒன்றும் இல்லை. பொறுமையின்மைதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ள பொன்னுத்தாயி உப்பு மூட்டை மேல உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கா.”

“உயிரோடவா?”

“உயிரோடதான்.”

“அப்படியானால் அடக்கம் செய்த பிணம் யாருடையது?” என்றது ஒரு குரல். வித்வானுடைய குரல். தாம் எப்போது தரையில் உட்கார்ந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

“கூடப்பொறந்த அக்கா, சார். ரெட்டைப் பிள்ளைக.”

“இரட்டையர் உத்தி மிகப் பழமை—”

“சும்மா இருங்க வித்வான். நீ சொல்லும்மா.”

அவள் சொன்னாள். கையை ஆட்டிச் சொன்னாள், எழுந்து நடந்து காட்டிச் சொன்னாள். நடுவில் அத்தை விழித்து வந்து, கதவில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, “அந்த வியாபாரிப் பயல மட்டும் விட்டுராத,” என்றாள். ஜெபக்கனி விடவில்லை.

கதை முடிந்தது. பிறகு அவள் வித்வான் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்களும் அந்தக் கோழியப் படிச்சியளா?”

நாற்பது ஆண்டு வகுப்பறையில் ஒரு தடவைகூடச் சொல்லாத வாக்கியம் ஒன்று வித்வானின் தொண்டைவரை வந்து நின்றது. விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

“படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.”

“பெறவு?”

“புரிந்ததாக எழுதிவிட்டேன்.”

ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவில்லை. அத்தையும் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள்.

“கோழி எப்படி சார் இருந்துச்சு?”

“நல்ல நடை,” என்றார் வித்வான், வேறு வழியில்லாமல். “ஒரு ‘திடீரென்று’கூட இல்லை.”

“அப்ப எங் கடைசி அத்தியாயம் கோழிப்பண்ணைக்காரங்க கையில இருக்குமோ?”

“இருக்கும்,” என்றார் அம்மா. “அவங்க இந்நேரம் முன்கதையத் தேடிட்டிருப்பாங்க.”

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஜெபக்கனி, “ரெண்டாவது…” என்று இழுத்தாள். மேலே கேட்கவில்லை. அம்மா குடையைத் தேடினார்.

“பாதி இருக்கிறது என்றீர்களே, கொடுங்கள்,” என்றார் வித்வான் கண்டிப்பான குரலில். “படிக்காமல் எதுவும் சொல்வதற்கில்லை.”

அவள் ஒரு துணிப்பையில் தாள்களைப் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் வித்வான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். முதல் பக்கத்தில் ஒரு சுழி. இரண்டாம் பக்கத்தில் ஒரு சுழி. நாலைந்து பக்கம் போனதும் பேனா கீழே விழுந்து சீட்டுக்கு அடியில் உருண்டது. அவர் குனியவில்லை.

“எப்படி இருக்கு?” என்றார் அம்மா.

வித்வான் காதில் விழவில்லை.

“பிழை நிறையவா?”

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

மலை தெரிந்தது. பஸ் நின்றது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “அம்மா, உங்க ஊரு வந்தாச்சு. எறங்குங்க.”

அம்மா வித்வானின் மடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாள்கள் மிச்சம் இருந்தன.

“அடுத்த ஊருக்கு ரெண்டு டிக்கெட் குடுப்பா,” என்றார்.