நான்கு மூலையும் ஒரு மதிலும்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையை முத்துவிசய பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட நடந்தார் என்று சொல்லலாம். சிம்மாசனத்தில் அவரைப் பிடித்து உட்காரவைக்க யாராலும் முடியாது. யோசனை வந்துவிட்டால் சபா மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். சபையோர் பின்னாலேயே ஓடுவார்கள். ராஜா சட்டென்று நிற்கும்போது யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ, அவர் சொன்னதுதான் தீர்ப்பு! அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மீன் சந்தை தோற்றுவிடும்.

இதில் தளவாய் வீரபாகு மகா கெட்டிக்காரர். ராஜாவின் கால் எப்போது நிற்கும் என்று அவருக்கு அத்துப்படி. மந்திரி பொன்னப்பரைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பெரிய ஏரி தளும்பி, கரை விரிசல் விட்டது.

"வடகரையை வெட்டிடலாம் மகாராஜா! தண்ணி தானா வடிஞ்சிடும்," என்றார் தளவாய்.

வடகரைக்குக் கீழேதான் குயவர்பாளையம். அங்கிருந்து நீலாயி என்பவள் நனைந்த சேலையோடு ஓடிவந்து நின்றாள். "ராசா, பிள்ளை பெத்துப் படுத்திருக்கிறவ இருக்கா. எழுந்திரிக்க முடியாத கிழடுகட்டைங்க இருக்கு. வெட்டினா நாங்க எங்க போவோம்?"

ராஜா வேகமாக நடந்தார். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். தளவாய் பக்கத்தில் அவர் கால் தயங்கியது. போச்சு!

"நிக்காதீங்க மகாராஜா!" என்று குறுக்கே விழுந்தார் பொன்னப்பர். "நடங்க. ஆனா மூலைக்கு மூலை எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்போம், தாங்களும்தான். முதல் மூலையில கண்ணால கண்டது மட்டும். அடுத்ததுல தளவாய் யோசனையோட நன்மை மட்டும். மூணாவதுல அதோட ஆபத்து மட்டும். யோசனை சொன்னவரும் சொல்லணும். பெரிய ஆபத்தைச் சொல்றவருக்கு உங்க மரகத மோதிரம். கடைசி மூலையில புது வழி."

"பேஷ்! வாங்க!" என்று கிளம்பிவிட்டார் ராஜா.

முதல் மூலையில் நீலாயி, "கரை விரிசல்ல என் கை முழுசா உள்ள போகுது," என்றாள்.

"தெற்கே என் தென்னந்தோப்பு மதில்ல ஏரித் தண்ணி வழிஞ்சு வந்து முட்டிக்கிட்டு நிக்குது. மதில் மட்டும் இல்லேன்னா தோப்பு வழியா ஆத்துக்கே போயிருக்கும்," என்று சலித்துக்கொண்டார் தளவாய்.

அடுத்த மூலையில், "வடகரை மெலிசு. வெட்டினா வேலை சீக்கிரம் முடியும்," என்று பொன்னப்பரே சொன்னார். தளவாய்க்கு நம்பவே முடியவில்லை.

மூன்றாவது மூலை. தளவாய் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"குயவர்பாளையம் மூழ்கிடும்," என்றார் மந்திரி. ராஜா மோதிரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். தளவாய்க்கு வயிறு பற்றியெரிந்தது.

"இதென்ன பிரமாதம்! பாளையத்தோட நிக்குமா தண்ணி? அதுக்கு அப்பால இருக்கிற பள்ளம் நேரா நம்ம நெற்களஞ்சியத்துக்குத்தான் போகுது. சீமையே பட்டினி கிடக்கும்!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா வெட்டச் சொன்னே?" என்று உறுமினார் ராஜா.

"குறை சொல்லச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேக்கலியே மகாராஜா..."

கடைசி மூலையில் எல்லாரும் மந்திரியைப் பார்த்தார்கள்; மந்திரி ராஜாவைப் பார்த்தார். ராஜா காதைச் சொறிந்தார்.

"ஏன் தளவாயே, உன் மதிலை இடிச்சா என்ன?"

தளவாய் பதறினார். "மகாராஜா! இந்த மந்திரி ஒரு வழியும் சொல்லலியே! இவருக்கு எதுக்கு மந்திரிப் பதவி?"

"நான் சொல்லியிருந்தா நீங்க நாலு மூலையிலயும் குறைதானே சொல்லியிருப்பீங்க," என்றார் பொன்னப்பர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இனி இந்தச் சபையில் மூலை நடை உண்டு, கத்தல் கிடையாது என்று ஆணையிட்டு, மந்திரிக்குத் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். சொன்ன வாக்குப்படி மோதிரத்தைத் தளவாய் விரலில் மாட்டினார். அந்தக் கையிலேயே ஒரு கடப்பாரையையும் கொடுத்தார்.

பாளையத்து ஜனம் அத்தனையும் மதிலடியில் திரண்டது. முதல் கல் பெயர்ந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு தோப்புக்குள் பாய்ந்தது. தளவாய் முகம் சுண்டிப்போய், தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். நீலாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மோதிரம் வழுக்குது பாருங்கய்யா. கழட்டி வெச்சுட்டு, நல்லா ஓங்கி இடிங்க."