சேலைக்குக் கரை வந்த கதை

அந்தக் காலத்தில், ஆற்றில் திரிகிற உயிர்களெல்லாம் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சேலைகளுக்குக் கரை கிடையாது. நடுவில் எப்படியோ ஓரத்திலும் அப்படியேதான் நெய்வார்கள். நாலு முறை உடுத்தினால் ஓரம் நெகிழ்ந்து கிழியத் தொடங்கும்.

காவிரியை ஒட்டிய ஓர் ஊரில் செங்கமலி என்ற நெசவுக்காரி இருந்தாள். தங்கை வேம்பியின் கல்யாணத்துக்கென்று பதினைந்து நாள் உட்கார்ந்து ஒரு சேலை நெய்தாள். கஞ்சிப் பசை போக அதை ஆற்றில் அலசும்போது திடீரென்று வெள்ளம் ஏறியது.

"தாயே, என் பிள்ளைகள்!" என்று ஓர் அலறல். நட்டாற்றில் ஒரு நீர்நாய். மிதந்துபோகும் கிளையில் அதன் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஒன்றைக் கவ்வினால் மற்றது போய்விடுமே!"

செங்கமலி கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசிவிட்டாள்.

குட்டிகள் நகம் பதித்துப் பற்றிக்கொண்டன. தாய் பின்னாலிருந்து முட்டித் தள்ள, செங்கமலி இழுத்தாள். பிள்ளைகள் பிழைத்தன. சேலையின் இரண்டு ஓரமும் நார்நாராய்ப் போயிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றது நீர்நாய். "கரையில் வளை தோண்டிப் பிழைக்கிறவள் நான். மண் இளகிய இடத்தை ஆறு ஒரே நாளில் அரித்துவிடும். நாணல் வேர் நெருங்கிப் பின்னிய இடத்தில் என் நகம்கூட இறங்காது. உன் துணியும் ஓரத்தில்தானே போகிறது? அங்கே இழையை நெருக்கிப் பாரேன்."

செங்கமலி வீட்டுக்கு ஓடிப் புதிதாக ஒரு சேலை நெய்யத் தொடங்கினாள். நடுவில் ஓர் இழை போகிற இடத்தில் ஓரத்தில் மூன்று இழை போட்டாள். ஈரமண் நிறத்தில் சாயமேற்றிய நூல். கல்யாணத்துக்கு முந்தின நாள் நெய்து முடித்தாள்.

"ஓரத்தில் கெட்டியாக என்னக்கா இது?" என்று வேம்பி தடவிப் பார்த்தாள்.

"அதுதான்டி கரை."

மறு ஆண்டு அதே சேலையில் தூளி கட்டி வேம்பி தன் குழந்தையை ஆட்டினாள். ஓரத்தில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. செங்கமலி ஆற்றுக்குப் போய் நீர்நாயைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீ சொன்ன சொல் எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தாங்குகிறது."

"நீ வீசிய சேலை என் பிள்ளைகளைத் தாங்கியதே, தாயே" என்றது அது.

ஆற்றோரத்துக்கு இருந்த பெயர் சேலையின் ஓரத்துக்கும் வந்தது அன்று முதல்தான். இன்றைக்கும் சேலை எடுக்கப் போகிறவர்கள் முதலில் கரையைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.