ஏழாம் நம்பர் வண்டிக்கு வைத்த மை

செவ்வந்தி ஏழாம் நம்பர் வண்டிக்கு அடியில் கையை விட்டுச் சேற்றை நோண்டிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்துச் செம்மண். காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். முதலில் தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். அப்புறம் குச்சி. கடைசியில்தான் பிரஷ். மேல்பக்கம் கழுவி முடித்தாயிற்று, அடிப்பக்கம்தான் பாக்கி.

மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சேற்றுப் பாதையில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி அது. வாசல் பலகையில் ஏ.டி.வி. என்று எழுதியிருக்கும். அப்படி எட்டு வண்டி. கழுவுவது அவள். பாதையில் முன்னால் ஓட்டி வழிகாட்டுவது அவள் புருஷன் வேடியப்பன்.

ஷெட்டின் இரும்புக் குழாயில் தூளி. தூளியில் பத்து மாதக் குழந்தை.

"மேஸ்திரி."

அவள் குரல் அவளுக்கே கேட்காது. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் தில்ஷாத் திரும்பினாள்.

தில்ஷாத் அந்த ஷெட்டின் மெக்கானிக். வாணியம்பாடிப் பெண். செவ்வந்தியைவிட மூன்று வயது சின்னவள். கிண்டலுக்கு மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே பேராகிவிட்டது.

"என்னக்கா?"

"பிரேம்ல கீறல் விழுந்தா, அது போறதுக்கு என்ன போடணும்?"

"யார் போட்ட கீறல்?"

செவ்வந்தி கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள்.

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா இல்லை. வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள். முதல் நாளே, சோற்றுப் பானை தேய்க்கிற பழக்கத்தில், கம்பி நாரை எடுத்து இந்த வண்டியைத் தேய்த்துவிட்டாள். ஈரத்தில் பளபளவென்றுதான் இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்பு பிரேம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு.

அன்றைக்குச் சாயங்காலமே முதலாளி பொதுவாக ஒரு பேச்சுப் பேசினார். "கழுவுற கையால என் வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சு, அந்தக் கையோட மலையிறங்கிடலாம்."

அவர்கள் தங்கியிருக்கும் அறையும் அவர் கொடுத்ததுதான். வேடியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

தில்ஷாத் ஏழாம் நம்பரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்தாள்.

"கல்லுலயும் முள்ளுலயும் ஓடுற வண்டி. ஒரு கீறல் கூட இல்லியே!"

"நல்லா கழுவுறேன் மேஸ்திரி."

"எட்டையும் நீதான் கழுவுற. மத்ததுல எல்லாம் இருக்கு."

செவ்வந்தி மறுபடி சேற்றை நோண்டினாள்.

தில்ஷாத் தூளிக்குப் போனாள். குழந்தை முழித்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் அம்மா வைத்த கறுப்புப் பொட்டு. வலது கட்டைவிரலால் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

திரும்பி வந்தாள். இடது கட்டைவிரலால் பிரேமை ஒரு தேய்ப்பு.

இரண்டு விரலையும் சேர்த்து நீட்டினாள்.

ஒரே கறுப்பு. ஒரே விளக்கெண்ணெய் வாசனை.

குழந்தைக்கென்று செவ்வந்தியே விளக்கில் புகை பிடித்துக் கூட்டிய மை அது.

"பாப்பாவுக்கு எதுக்குக்கா பொட்டு?"

"திருஷ்டி படக் கூடாதுன்னு."

"வண்டிக்கு?"

செவ்வந்தி குச்சியைத் தரையில் போட்டாள்.

"வண்டிக்கு?"

"முதலாளி பாத்துடக் கூடாதுன்னு." பிறகு மடமடவென்று வந்தது. "சொல்லிடாத மேஸ்திரி. உன் கால்ல வேணா விழறேன்."

"என் கால் இருக்கட்டும். உன் கையை நீட்டு."

தில்ஷாத் அவள் சுட்டுவிரலைப் பிடித்து, நகத்தை பிரேமின் மேல் வைத்தாள்.

"கண்ணை மூடிக்க. மெதுவா இழு."

நகம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இது?"

"நான் தேச்சது."

"இது?"

"அதுவும் நான்தான்."

"இது?"

"நான்தான்." அழுகை வந்தது.

"அழுவுறது அப்புறம். இது?"

நகம் நின்றது.

முன் சக்கரத்தைத் தாங்குகிற கம்பி பிரேமோடு சேருகிற மூட்டு. வெல்டிங் வைத்த இடத்துக்கு ஓரம். நகம் உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டது.

செவ்வந்தி கண்ணைத் திறந்தாள்.

"இதுவும் நான்தான் போல. ஆனா இது ஒண்ணுதான் என்னைப் பாடாப் படுத்துது மேஸ்திரி. மத்ததுக்கெல்லாம் கழுவினதும் ஒரு தீத்து போதும். இதுக்கு மட்டும் தினம் தினம் மை கூட வேண்டியிருக்கு. முதல்ல நகத்தளவுதான் இருந்துச்சு. முந்தாநேத்து ஒரு விரக்கடை. இன்னிக்கி பாரு, ரெண்டு."

தில்ஷாத் முன்பக்கத்துக் கேரியரில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். உடம்பின் பாரம் முழுக்க வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

கீறல் வாயைத் திறந்தது.

உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் ஒரு சொட்டு வந்தது. மையைக் கரைத்துக்கொண்டு உருண்டு கீழே விழுந்தது.

காலை எடுத்தாள். வாய் மூடிக்கொண்டது.

"கீறல் வளருமாக்கா?" என்று கேட்டாள் தில்ஷாத்.

பதிலுக்கு நிற்காமல் பெட்டியிலிருந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

"நேத்து இதுல யார் போனாங்க?"

"காலேஜ் பசங்க."

"அப்புறம்?"

"ஒரு அப்பாவும் பொண்ணும். சின்னப் பொண்ணு."

"அப்புறம்?"

நேற்று எல்லோரும் போன பிறகு வேடியப்பன், "வாடி, உனக்கும் ஒரு ரவுண்டு" என்றான். வெட்கப்பட்டு மாட்டேன் என்றாள். அவன் விடவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள், மடியில் குழந்தை. பெரிய இறக்கத்தில் வண்டி எம்பிக் குதித்தது. குழந்தை கெக்கே கெக்கே என்று சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்க, இன்னொரு தடவை என்று அவளே கேட்டாள்.

மூன்று தடவை இறங்கினார்கள்.

"அப்புறம் யாருக்கா?"

செவ்வந்தி தூளியைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தில் பொட்டு இழுபட்டுக் கோடாகியிருந்தது.



தில்ஷாத்தும் தூளியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

"தினம் காலையில நானும்தான் பாத்தேன்," என்றாள். "கறுப்பாத்தான் இருந்துச்சு."

வாசலிலிருந்து முதலாளியின் குரல்.

"ஏழு ரெடியாம்மா? ஃபேமிலி நிக்குது! அனுப்பு!"

"மேஸ்திரி, நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"மை வச்சது யாரு?"

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்பேனருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வந்தி முந்தானையை வாளியில் முக்கினாள். சோப்பைப் பூசினாள். பிரேமைத் துடைத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவள் போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெள்ளை வெள்ளையாக, எண்ண முடியாமல்.

நடுவில் அது ஒன்று மட்டும் வெளுக்கவில்லை.

"செவ்வந்தி! உன்னைத்தான்! இங்க வா!"

எழுந்தாள். முந்தானை முழுக்கக் கறுப்பு. இந்தப் பதினோரு நாளும் முதலாளியிடம் தலையை ஆட்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள், வாசல்வரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏழு வராது சார்! அதுல யாரும் ஏறக் கூடாது! கோடெல்லாம் நான் போட்டதுதான், கம்பி நாரால நான்தான் தேச்சேன், மை வச்சு மறச்சதும் நான்தான், ஆனா இது ஒண்ணு மட்டும் கீறல் இல்ல சார், விரிசல்! உடைஞ்சிடும்!"