கரி படியாத கைகள்

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், கேட்பவர்களே, முகிலடி என்றொரு மலைநாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஓர் ஆறு, ஆற்றோரம் ஓர் அரண்மனை, மேலே ஏறும் பாதையில் மூன்று ஊர்கள். அடிவாரத்தில் கீழ்ச்சுனை, நடுவில் நடுப்பாறை, உச்சியில் மூங்கிலூர். அவ்வளவுதான். ஆனால் சின்ன நாட்டுக்கும் அரசர் உண்டு. அரசர் இருந்தால் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும். அங்கே தீர்ப்புச் சொன்னவர் பெயர் சேந்தனார்.

சேந்தனார் லஞ்சம் வாங்காதவர். பொய் சொல்லாதவர். ஒருமுறை சொன்ன தீர்ப்பை மறுமுறை எண்ணிப் பார்க்காதவர். முதல் இரண்டுக்காக ஊர் அவரைக் கும்பிட்டது. மூன்றாவது என்ன செய்தது என்பதுதான் கதை.

ஒரு கோடையில், தேனெடுக்கும் சடையன் என்பவன் மலையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து சபையில் விழுந்தான்.

"சாமி, மேல காடு எரியுது! என்னால ஆனமட்டும் அடிச்சுப் பாத்தேன், அடங்கல. சீக்கிரம் ஆளனுப்புங்க!"

ஆட்கள் போனார்கள், தீயை அணைத்தார்கள். பிறகு அரசர், "வைத்தது யார்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அரசர் கேட்டுவிட்டால் பதில் இருந்தாக வேண்டுமே! சேந்தனார் சடையனின் கைகளைப் பார்த்தார். பச்சைக் கிளையால் தீயை அடித்து அடித்து, முழங்கை வரை கரி.

"நெருப்பில்லாமல் புகையாது. கரி படிந்த கைதான் தீ வைத்த கை" என்று தீர்ப்புச் சொன்னார்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. சபை தலையாட்டியது. சடையனைக் கணவாய்க்கு அப்பால் துரத்திவிட்டார்கள். அவன் பெண்டாட்டி அரண்மனை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவன் திரும்பி வரவே இல்லை.

அன்று முதல் முகிலடியில் ஒரு புது வழக்கம் வந்தது. எங்கேயாவது புகை தெரிந்தால், ஜனங்கள் முதலில் ஓடிப்போய்க் கையைக் கழுவுவார்கள். புளியைப் போட்டு நகக்கண் வரை தேய்ப்பார்கள். சடையன் ஒருவன் போதாதா?

சில ஆண்டுகள் போயின. மறுபடியும் ஒரு கொடும் கோடை. பள்ளத்தாக்கு முழுவதும் புகை வந்து அடைந்தது. ஆறு தெரியவில்லை, மலை தெரியவில்லை, அரசர் சோற்றை வாயில் வைக்க முடியாமல் இருமினார்.

"சேந்தனாரே, இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பாரும். தீ வைத்தவனைக் கையோடு கொண்டுவாரும்" என்றார்.

அரசர் சொல்லாவிட்டாலும் சேந்தனார் கிளம்பியிருப்பார். அவருடைய ஒரே மகள் வெண்ணி மூங்கிலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

கீழ்ச்சுனைக்குப் போனார். ஊரே சுனையைச் சுற்றி உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தது.

"இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?"

"புகையா? இது பனிங்க ஐயா" என்றாள் ஒருத்தி. கண்ணில் நீர் தாரையாக வழிந்தது.

"சித்திரையில் பனியா?"

"எங்க ஊர்ல அப்படித்தானுங்க."

நடுப்பாறைக்குப் போனார். ஊர்த்தலைவர் அவரைக் கண்டதும், கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் விரித்து நீட்டினார். "பாத்துக்குங்க ஐயா, பொட்டுக் கரி இல்ல."

"கையை யார் கேட்டது? புகை எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க? கை சுத்தமா இருக்கு, அது போதும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த மனுஷனை இருமல் பிடுங்கித் தின்றது.

மூங்கிலூருக்குப் போனார். குழந்தையின் மூக்கை ஈரத்துணியால் மூடியபடி வெண்ணி வாசலில் நின்றாள். அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் கிழவர் குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அவர் கேட்டதையே மகளிடமும் கேட்டார். அவள் பனி என்று சொல்லவில்லை. பெற்றவரிடம் பொய் வரவில்லை அவளுக்கு. எரிந்துகொண்டிருந்த சரிவுக்கு மேலே, கருகி நின்ற மூங்கில் புதரைக் காட்டினாள்.

"அங்கதாம்பா. காத்துல மூங்கில் ஒண்ணோடொண்ணு உரசிப் பத்திக்கிச்சு. முதல்ல பாத்தது நான்தான். அடுப்பு நெருப்பு அளவுதான் இருந்துச்சு. பச்சைக் கிளையால நாலு அடி அடிச்சிருந்தா போயிருக்கும்."

"அடித்திருக்க வேண்டியதுதானே, பைத்தியக்காரி!"

வெண்ணி ஒரு கையை நீட்டினாள். புளி போட்டுத் தேய்த்துத் தோல் வெளுத்திருந்தது.

"அடிச்சிருந்தா கை கரியாயிருக்குமேப்பா. என்னை உங்க முன்னாடிதானே கொண்டாந்து நிறுத்துவாங்க?"

மகளின் வெளுத்த கையைப் பார்க்கப் பார்க்கச் சேந்தனாருக்குச் சடையனின் கரிக்கைகள்தான் கண்ணில் நின்றன. பாவி, நாடு காக்க ஓடிவந்தவனையா துரத்தினேன் என்று மனசு அடித்துக்கொண்டது. தீ வைத்தவனே கிடையாது. புகையின் மூலத்தைத் தேடி அவர் இவ்வளவு தூரம் ஏறியே இருக்க வேண்டாம். அது கீழே சபையில், அவர் உட்காரும் பலகைக்கு அடியில் இருந்தது.

நல்லவேளையாக அன்று மாலை கோடைமழை கொட்டியது. தீ அணைந்தது. கிளம்பும்போது வெண்ணி கேட்டாள். "இன்னொரு தடவை பத்துனா நான் என்னப்பா பண்ணட்டும்?"

"அந்தத் தீர்ப்பை நான் மாற்றிவிடுகிறேன். மாற்றியதும் சொல்லி அனுப்புகிறேன். அதுவரைக்கும் நீ எதையும் பார்க்கவில்லை, கையைக் கழுவிக்கொள்" என்றார்.

சபை கூடியது. ஒரே ஒரு வார்த்தை போதும்: 'சடையன் குற்றவாளி அல்ல, நான் சொன்னதுதான் தப்பு.' அந்த வார்த்தை மூன்று முறை அவர் நாக்கு நுனிக்கு வந்தது.

அரசர், "தீ எங்கே பிடித்தது?" என்றார். சேந்தனார் சுற்றிப் பார்த்தார். அன்றைக்குத் தலையாட்டிய அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வார்த்தையை விழுங்கினார்.

"முதலில் பார்த்தது யார்?" என்றார் அரசர். மகளின் முகம் வந்து நின்றது. வார்த்தையை விழுங்கினார்.

"வைத்தது யார்?" என்றார் அரசர். இத்தனை காலம் வாங்கிய நல்ல பெயரெல்லாம் கண்முன் வரிசையாக நின்றது. மூன்றாம் முறையும் விழுங்கிவிட்டு, "அரசே, அது தீயே அல்ல, பனிமூட்டம்தான்" என்றார்.

பொய்யே சொல்லாதவர் சொன்ன பொய்க்கு மதிப்பு அதிகம். அரசரும் நம்பினார். தலைவலி விட்டது என்று சபையும் நம்பியது. சேந்தனார் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆடியில் நினைத்தார், ஐப்பசியில் நினைத்தார், தையில் நினைத்தார். மூங்கிலூருக்கு ஒரு சேதியும் போகவில்லை.

அடுத்த கோடையில் மறுபக்கத்து மூங்கில் உரசியது. இந்தத் தடவை காற்று ஊரைப் பார்த்து வீசியது.

கீழே புகையைக் கண்டதும் சேந்தனார் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கீழ்ச்சுனையில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நடுப்பாறையில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலூரில் கை கழுவ யாருமே இல்லை. மகள் வீட்டு வாசலில் தண்ணீர்ச் செம்பும், பக்கத்தில் கரைத்த புளியும் அப்படியே இருந்தன. அவள் அப்பா சொன்ன சொல்லைத் தட்டாதவள்.

சாம்பலைத் தோண்டி மகளையும் குழந்தையையும் அவரே எடுத்தார். அவரே அடக்கம் செய்தார். இறங்கி வரும்போது முழங்கை வரை கரி.

ஆற்றுத்துறையில் நின்ற காவலன் அவரை அடையாளம் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஐயா, ஆத்துல கையைக் கழுவிட்டுப் போங்க. நான் பாக்கல" என்றான் மெதுவாக.

அவர் கழுவவில்லை. நேரே சபைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டி, "சடையன் குற்றவாளி அல்ல. நான் சொன்னதுதான் தப்பு" என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்! இனி அதை யார் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அரசருக்கு அது காதில் ஏறவே இல்லை. அவர் கைகளைத்தான் பார்த்தார். தீர்ப்பு முன்பே இருந்தது, புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. சபை முன்பு போலவே தலையாட்டியது. சேந்தனாரைக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள்.

முகிலடியில் அதற்குப் பிறகும் கோடைதோறும் பனி பெய்தது என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகையால் அறிந்துகொள்ளுங்கள்: ஆபத்தைச் சொல்ல வந்தவனைத் தண்டிக்கும் நாட்டுக்கு, அடுத்த முறை சேதி வராது, ஆபத்துத்தான் வரும்.